நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் பண்ணை ஏடிவி: வளைய மறுத்தால், ஒருபக்கம் இழுத்தால், தூக்கிப் போட்டால் எங்கே பார்ப்பது

"அண்ணே, வண்டி வளையவே மாட்டேங்குது. ஹேண்டிலை ஒடிச்சாலும் நேராத்தான் போகுது. முன் டிஃபரன்ஷியல் போயிருச்சுன்னு நினைக்கிறேன். கழட்டிரட்டுமா?"

நியூசிலாந்தின் வைகாட்டோ பக்கம் ஒரு பால்பண்ணையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, பண்ணை ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர பைக், குவாட் பைக் என்றும் சொல்வார்கள்) பற்றிப் போனில் இப்படிக் கேட்டார். எங்கே ஓட்டினாய், புல்லிலா கான்கிரீட்டிலா என்று கேட்டேன். மாடு கறக்கும் கொட்டகை முற்றத்தில், கான்கிரீட் மேல்தானாம். "எதையும் கழட்டாதே. நாலு டயர்லயும் காத்து எவ்வளவுன்னு முதல்ல பார்த்துச் சொல்லு" என்றேன். முன் டயர்கள் இரண்டும் பாதி இறங்கிப்போய் இருந்தன. காற்று வைத்ததும் வண்டி முக்கால்வாசி சரியானது. மீதி கால்வாசியில் கோளாறே இல்லை, அது அந்த வண்டியின் சுபாவம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நல்ல டிஃபரன்ஷியலை (வளைவில் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) கழற்றி, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி, கடைசியில் நிஜமாகவே கெடுத்த வண்டிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. அதனால்தான் அறிகுறி வாரியாக இதை எழுதுகிறேன்.

ஸ்பேனரைத் தொடும் முன்

நான் மனதில் வைத்துப் பேசுவது ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300 மாதிரியான பழைய வேலைக்கார வண்டிகளை. நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஹோண்டாவின் முதல் ஏடிவி 1986-இல் வந்த 350. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1988-இல், 282 சிசி எஞ்சினோடு டிஆர்எக்ஸ்300எஃப்டபிள்யூ, அதாவது இந்த ஃபோர்ட்ராக்ஸ் 300, வந்தது. 2000 வரை பெரிய மாற்றமில்லாமல் ஓடிய மாடல் அது. பின்னால் வந்த ஃபோர்மேன் 400, ஆரம்பகால 450 ஆகியவையும் இதே வழிதான். இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல் இரண்டு சக்கரத்துக்கு மாற்றும் பொத்தான் இவற்றில் கிடையாது. எஞ்சின் ஓடி, கியர் விழுந்தால் நான்கும் இழுக்கும்.

இதில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டும் ஷாஃப்ட் வழியாக ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. இரண்டு, பின் ஆக்சில் ஒரே முழுத் தண்டு, அங்கேயும் டிஃபரன்ஷியல் இல்லை. இடது பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வலதும் ஒரு சுற்று சுற்றியே ஆக வேண்டும். மூன்று, முன்னால் மட்டும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறது; வழுக்கும் சக்கரத்தை விட்டுவிட்டு, பிடிப்புள்ள சக்கரத்துக்கு அது இழுவையைத் தள்ளிவிடும்.

வளைவில் நான்கு சக்கரமும் நான்கு வெவ்வேறு தூரம் உருண்டாக வேண்டும். ஆனால் கட்டிப்போட்ட சக்கரங்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஆகவே ஏதாவது ஒன்று வழுக்கித்தான் தீர வேண்டும். ஈரப் புல்லிலும் சேற்றிலும் சரளையிலும் அது சத்தமில்லாமல் வழுக்கிக் கொடுக்கும். தார்ச்சாலையிலும் கான்கிரீட்டிலும் வழுக்க வழியில்லை, அதனால் ஹேண்டில் கல்லாகும். கீழே படிக்கும் எதற்கும் முன்னால் வண்டியைப் புல்தரைக்குக் கொண்டுபோய், இரண்டாம் கியரில் நிதானமாக ஒரு எட்டு போட்டுப் பாருங்கள். அங்கே லேசாக வளைந்தால் வண்டியில் கோளாறு இல்லை.

புல்லிலும் வளையவில்லை, ஹேண்டில் கனக்கிறது

முதல் சந்தேகம் டயர் காற்று. இரண்டாவது சந்தேகமும் டயர்தான், ஆனால் அதன் அளவு.

இந்த வண்டிகளின் பலூன் டயருக்கு வேண்டிய காற்று மிகக் குறைவு; பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் இடையே சில பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). சரியான எண் வண்டியில் ஒட்டிய லேபிளில் இருக்கும், அதுதான் வேதம். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாதீர்கள். கார் டயரின் 30 பிஎஸ்ஐக்காகச் செய்த மீட்டர் 3-ஐயும் 5-ஐயும் பிரித்துக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே விற்கும் மீட்டர் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்குக் கைப்பம்பே போதும், கம்ப்ரசரில் ஒரு நொடி கூடினாலே அளவு எகிறிவிடும்.

பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது. 3.5 பிஎஸ்ஐ உள்ள டயரில் வெப்பநிலை 10 டிகிரி மாறினால் அழுத்தம் அரை பிஎஸ்ஐக்குச் சற்று மேலே மாறும். கார் டயரில் அரை பிஎஸ்ஐ ஒரு பொருட்டே இல்லை. இங்கே அது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. உறைபனி விழுந்த காலையில் ஒரு மாதிரியும் மத்தியான வெயிலில் வேறு மாதிரியும் வண்டி நடந்துகொள்வதற்குப் பாதி காரணம் இதுதான்.

காற்று சரி என்றால் டயர்களின் சுற்றளவைப் பாருங்கள். பின் டயர் இரண்டும் புதிது, முன் டயர் இரண்டும் மொட்டை. அல்லது மலிவாகக் கிடைத்ததென்று வேறு அளவு டயர் போட்டது. இந்த இரண்டும்தான் முழுநேர நான்கு சக்கர வண்டியின் பெரிய எதிரிகள். வண்டியோடு வந்த டயர் அளவுக்குத்தான் முன் பின் கியர் விகிதத்தை அமைத்திருக்கிறார்கள். அளவு மாறினால் நேர்ப்பாதையில்கூட முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சண்டை போடும். ஹேண்டில் கனக்கும், டயர் செதில் செதிலாகத் தேயும், கியர் மாற்றும்போது பிடித்துக்கொள்ளும், முன் டிஃபரன்ஷியல் வீட்டிலும் (அதை மூடியிருக்கும் உறை) பின் ஆக்சிலின் கியர் வீட்டிலும் வழக்கத்துக்கு மேல் சூடு தெரியும்.

அளக்கும் வழி எளிது. நான்கு டயரிலும் சரியான காற்று வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நியூட்ரலில் வைத்து வண்டியைத் தள்ளி, ஒவ்வொரு டயரும் ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் குறித்து நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருப்பது நல்லது, சுமை இருந்தால்தான் அளவு நிஜமாக இருக்கும். இடதும் வலதும் விரல் தடிமனுக்குமேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் ஜோடியாகவே மாற்றுங்கள். முடிந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றுவதுதான் என் சிபாரிசு. செலவு வலிக்கும், ஆனால் ஒரு கிரவுன் பினியன் செட் (ஆக்சிலைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) அதைவிட வலிக்கும்.

டயரும் சரி, காற்றும் சரி, இன்னும் கனம் குறையவில்லை என்றால்தான் அடுத்தது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஹேண்டிலை இருபுறமும் திருப்புங்கள். தூக்கியும் இறுக்கமென்றால் ஹேண்டில் தண்டின் மேல்புறப் புஷ், கீழ்ப் பேரிங், பால் ஜாயிண்ட் இவற்றில் ஏதோ துரு ஏறியிருக்கிறது. லேசாகத் திரும்பினால் சுமை வரும்போது மட்டும் கனக்கிறது என்று பொருள்; சக்கரங்களின் கோண அமைப்பு, முன் டிஃபரன்ஷியல் ஆயில் இரண்டையும் பாருங்கள். ஹோண்டாவின் முன் வீட்டுக்குச் சொல்லியிருப்பது எஸ்ஏஇ 80 ஹைப்பாய்டு கியர் ஆயில். கையில் இருந்த எஞ்சின் ஆயிலை ஊற்றி ஓட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஓட்டும் முறையும் இதில் சேர்ந்ததுதான். வளைவுக்குள் போய்விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால், தண்டுபோல் கட்டிய பின் ஆக்சில் முன்பக்கத்தை வெளியே தள்ளும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். உடம்பை முன்னுக்கும் வளைவின் உள்பக்கத்துக்கும் சாய்த்து, வெளிப்பக்கக் காலை மிதிபலகையில் நன்றாக ஊன்றுங்கள். உள்பக்கப் பின்சக்கரத்தின் மேலுள்ள சுமை குறையும். அது சற்றே வழுக்கும். அது வழுக்கினால்தான் வண்டி திரும்பும். பைக்கில் பழகியவர்கள் வண்டியே சாயும் என்று எதிர்பார்ப்பார்கள். இந்த வண்டி சாயாது, ஓட்டுபவர்தான் சாய வேண்டும்.

நேர்ப்பாதையில் ஒருபக்கம் இழுக்கிறது

எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்க முன் டயரில் காற்று குறைந்திருக்கும். பத்துக்கு ஏழு எட்டு வண்டியில் அவ்வளவுதான்.

இல்லையென்றால் பிரேக். பழைய 300-இல் முன்னால் இருப்பது ஹைட்ராலிக் டிரம். அதற்குள் தண்ணீரும் சேறும் புகுந்தால் சிலிண்டர் இறுகி, லிவரை விட்ட பிறகும் ஷூ ஒட்டிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு முன் டிரம் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் திருடன் பிடிபட்டான். டிரம்மைத் திறந்து சுத்தம் செய்யும்போது அதன் சீலையும் மாற்றிவிடுங்கள். பழைய சீலோடு மூடினால் அடுத்த ஓடையில் மறுபடி தண்ணீர் புகும்.

ஹேண்டில் கையிலிருந்து பிடுங்குகிறது, அல்லது நடுங்குகிறது

இவை இரண்டு வேறு அறிகுறிகள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வண்டிச்சுவடு, கல், வேர் இவற்றில் ஏறும்போது ஹேண்டில் திடீரென்று ஒருபக்கம் வெட்டினால் அது லிமிடெட் ஸ்லிப்பின் வேலை. பிடிப்பு கிடைத்த சக்கரத்துக்கு இழுவை போகும், அந்தச் சக்கரம் ஹேண்டிலையும் சேர்த்து இழுக்கும். முழங்கையை மடக்கி, ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் உடனே அடங்கும். கழற்ற எதுவும் இல்லை.

சமதரையில் வேகம் ஏற ஏற ஹேண்டில் ஆடினால், வண்டி பாதையில் அலைந்தால், அது தேய்மானம். முன்பக்கத்தைத் தூக்கி ஒரு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் சக்கர பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். அடுத்து இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். இப்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் முனை. இன்னொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வையுங்கள். எது தேய்ந்திருக்கிறதோ அது விரலில் டக்கென்று சொல்லும்.

தூக்கித் தூக்கிப் போடுகிறது

பின் ஆக்சில் ஒரே தண்டு என்பதால் ஒரு பின்சக்கரம் மேட்டில் ஏறினாலும் பின்பக்கம் முழுவதும் சாய்ந்து எழும். பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள புதிய வண்டியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது முரட்டு வண்டியாகத் தெரியும். அதற்கு மருந்து இல்லை. ஆனால் அதே கட்டான பின்பக்கம்தான் பளு இழுக்கும்போது உட்கார்ந்துபோகாமல் நிற்கிறது.

மருந்து உள்ளவை இவை. காற்று அதிகமாக இருந்தால் வண்டி பந்துபோல் துள்ளும். புது டயர் மாட்டும்போது விளிம்பு உட்கார அதிகக் காற்று ஏற்றிவிட்டு இறக்க மறந்த வண்டிகளில் இதை அதிகம் பார்ப்பேன். ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பின்னும் வண்டி இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் ஷாக் அப்சார்பரின் ஆயில் போய்விட்டது, தண்டில் எண்ணெய்க் கசிவு தெரியும். ஸ்விங் ஆர்ம் பேரிங் தேய்ந்தால் பின்பக்கம் பக்கவாட்டில் நெளிவதுபோல் இருக்கும்.

சேற்றில் நான்கும் இழுக்கிறதா என்றே சந்தேகம்

முன்பக்கம் இழுக்காவிட்டாலும் காய்ந்த தரையில் தெரியாது, வண்டி பாட்டுக்கு ஓடும். அதனால் மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. திடீரென்று ஹேண்டில் ரொம்ப லேசாகிவிட்டது, வண்டி இப்போதுதான் நன்றாக வளைகிறது என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரங்கள் தரையில் இருக்க, அவற்றுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, முன்சக்கரங்களை மட்டும் தூக்குங்கள். ஆளுக்கொரு முன்சக்கரத்தைப் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் முன்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். முன்னும் பின்னும் கட்டிப்போட்டவை என்பதால் சிறு ஆட்டத்துக்குமேல் அவை சுற்றக் கூடாது. இரண்டும் தாராளமாகச் சுற்றினால் நடுவில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. பெரும்பாலும் முன் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் (தண்டு முனையில் ஒன்றோடொன்று பொருந்தும் வரிப்பற்கள்) பல் வழித்துப்போயிருக்கும். கிரீஸ் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடினால் அங்கேதான் முதலில் போகும். சுற்றவில்லையா, அடுத்து ஒருவர் மட்டும் ஒரு சக்கரத்தைச் சுற்றட்டும். இறுக்கத்தோடு மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியல் உயிரோடு இருக்கிறது.

சத்தங்கள்

ஹேண்டிலை முழுக்க ஒடித்து ஓட்டும்போது டக் டக் டக் என்று கேட்டால் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் ஆக்சில் மூட்டு). அதன் ரப்பர் பூட் எங்கோ கிழிந்திருக்கும். சத்தம் வரும் முன்பே கிழிசலைப் பிடித்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும், சத்தம் வந்த பிறகு ஜாயிண்டையே மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை நான்கு பூட்டையும் விரலால் விரித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது அடியிலிருந்து டங்கென்று ஒரே அடி விழுந்தால் யூ ஜாயிண்ட் (ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டு) அல்லது ஸ்ப்லைன். முன்பக்கத்திலிருந்து ஓயாத முனகல் என்றால் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். டீ நிறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் மாற்றுவது பாதி வேலைதான், மூச்சுக்குழாய் கழன்றோ அடைத்தோ இருக்கும், அதையும் பாருங்கள். சூடாக இருந்த வீடு ஓடைத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வர முடியாவிட்டால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு இல்லை

முழுநேர நான்கு சக்கர இயக்கத்தின் பெரிய வரம் இறக்கத்தில்தான் தெரியும். ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் நான்கு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். பின் பிரேக்கைப் பிடித்தாலும் ஷாஃப்ட் வழியாக முன்சக்கரங்கள் வரை அந்தப் பிடி போகும்.

கியரில் இருந்தும் வண்டி நியூட்ரலில் போவதுபோல் உருண்டால் உடனே நிறுத்திவிடுங்கள், அன்று அந்த வண்டியை மலைப்பக்கம் எடுக்க வேண்டாம். இந்த வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் வேகத்தில் தானாகப் பிடிக்கும் வகை. எஞ்சின் வேகம் இறங்கியதும் அது விட்டுவிடும் என்பதால், இறக்கத்தில் பிடித்துக்கொள்வதற்கென்று அதற்குள் ஒருவழி கிளட்ச் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது தேய்ந்தால் மெதுவான வேகத்தில் எஞ்சின் பிடிப்பு காணாமல்போகும். கிளட்ச் மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

மேட்டில் முன்பக்கம் தூக்குகிறது, சரிவில் ஒருக்களிக்கிறது

இந்த அறிகுறிக்கு ஸ்பேனர் வேலை எதுவும் இல்லை. காரணம் அநேகமாகச் சுமை.

இந்த வகை வண்டியில் முன் கேரியருக்கு 30 கிலோ, பின் கேரியருக்கு 60 கிலோ என்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டியின் லேபிளில் இருப்பதே முடிவான எண். பின்னால் 100 லிட்டர் களைக்கொல்லித் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. அரைத் தொட்டி இன்னும் ஆபத்து. சரிவில் தண்ணீர் முழுவதும் கீழ்ப்பக்கம் ஓடிச் சேர்ந்து, வண்டியையும் அந்தப் பக்கமே தள்ளும். பின்னால் ஆளை ஏற்றுவதும் இதே கணக்குத்தான். நீண்ட இருக்கை, ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காக வைத்தது, இரண்டாவது ஆளுக்காக அல்ல.

200 கிலோவுக்கு மேலுள்ள இந்த வண்டி ஒருவர்மேல் கவிழ்ந்தால் தனியாக அவரால் தூக்கி எறிய முடியாது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல், விற்பனைக்கு வரும் புதிய பொதுப் பயன்பாட்டு குவாட் பைக் ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் வளைவுச் சட்டம் இருந்தாக வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். பழைய வண்டிக்கும் அதைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். நான் வேலை பார்க்கும் வண்டிகளில் அது இல்லையென்றால் உரிமையாளரிடம் ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

மேடேறும்போது உடம்பை நன்றாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பாதியில் எஞ்சின் திணறினால் முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப்பக்கமாக இறங்குங்கள். பின்னோக்கி உருளவிட்டுப் பின் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி தலைக்குமேல் வரும். குறுக்குச் சரிவில் உடம்பு மேட்டுப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். ஒருக்களிக்கத் தொடங்குகிறதென்று தெரிந்தால், கீழ்ப்பக்கம் தடையில்லாமல் இருந்தால், ஹேண்டிலைப் பள்ளப்பக்கமே திருப்பிவிடுங்கள். கை தானாக மேட்டுப்பக்கம் திருப்பப் பார்க்கும். அந்தப் பழக்கத்தைச் சமதரையிலும் சின்னச் சரிவிலும் மெதுவாக ஓட்டி மாற்றிக்கொண்ட பிறகுதான், வைகாட்டோத் தம்பியை நான் தொட்டியோடு மேட்டு வயலுக்கு விட்டேன். அதுவும் பாதி நிரம்பிய பெரிய தொட்டியோடு இல்லை. சின்னத் தொட்டி, விளிம்பு வரை நிரப்பியது.